கிளட்ச் ரீகால் முடிந்து வந்த வண்டி: குமரி மாவட்டத்து உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள்

"உங்கள் வண்டியின் கிளட்ச் பாகத்தில் குறை இருக்கலாம், கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று கம்பெனியிலிருந்து வரும் அழைப்புதான் ரீகால். மேனுவல் கியர் வண்டி வைத்திருக்கும் பலருக்கு, வண்டியைக் கொடுக்கும்போது இருக்கும் கவலையைவிடத் திரும்ப எடுத்து வந்த பிறகு வரும் கவலைதான் பெரிது. பெடல் வேறு மாதிரி இருக்கிறது, வாடை வருகிறது, புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது. இது சரிதானா, ஏமாந்துவிட்டோமா என்று தெரிவதில்லை. என் வண்டிக்கும் இந்த வேலை நடந்தது. அதன் பிறகு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்ட கேள்விகளையும், விசாரித்தும் ஓட்டியும் எனக்குத் தெளிவான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிளட்ச் ரீகாலில் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்?

எல்லா வண்டிக்கும் ஒரே வேலை கிடையாது. நிறைய பேர் "ரீகால் முடிஞ்சுது, கிளட்ச் புதுசு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரீகாலில் சரிசெய்வது கம்பெனி அறிவித்த அந்தக் குறையை மட்டும்தான். அந்த வேலை மூன்று விதமாக இருக்கலாம்.

முதலாவது, திறந்து பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் பாகத்தை மாற்றுவது. நம் நாட்டில் 2022 இறுதியில் மஹிந்திரா செய்தது இந்த வகை. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரான மேனுவல் வண்டிகளில் 12,566 எக்ஸ்யூவி 700, 6,618 ஸ்கார்ப்பியோ என் வண்டிகளை அழைத்தார்கள். பெல் ஹவுசிங்குக்குள், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள், இருக்கும் ரப்பர் பெல்லோவை (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) பரிசோதிப்பதுதான் வேலை. கிளட்ச் பிளேட்டுக்கும் அந்த ரீகாலுக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது, பாகத்தையே மாற்றுவது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டோ, அதை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் இரும்புச் சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோ, பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோ, சில சமயம் ஃப்ளைவீலும் சேர்த்தோ மாற்றுவார்கள். பெரிய வேலை இதுதான். ஓட்டும் விதத்தில் மாற்றம் தெரிவதும் இதில்தான்.

மூன்றாவது, சாஃப்ட்வேர் மட்டும். வண்டியின் அடியில் யாரும் கைவைக்க மாட்டார்கள். லேப்டாப்பை மாட்டிக் கழற்றினால் முடிந்தது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் வண்டிக்கு நடந்தது இந்த மூன்றில் எது என்று தெரிந்தால்தான் கீழே வரும் பதில்களில் எது உங்களுக்கு உரியது என்று தெரியும்.

என் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டில்) "ரீகால் முடிந்தது" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அது போதுமா?

போதாது. மாற்றிய பாகங்களின் பெயரும் பார்ட் நம்பரும், ரீகாலின் குறிப்பு எண்ணும், வண்டி உள்ளே போனபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் ஜாப் கார்டிலோ பில்லிலோ இருக்க வேண்டும். தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் போடச் சொல்லி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கோளாறு வந்து, "அந்தப் பாகத்தை நாங்கள் தொடவே இல்லை" என்று கவுண்டரில் சொன்னால், உங்கள் கையில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான்.

வண்டி எடுக்கும் அவசரத்தில் விட்டுவிட்டீர்களா? பரவாயில்லை. சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டால் சர்வீஸ் ஹிஸ்டரியை அச்செடுத்துத் தருவார்கள். வாங்கி ஆர்.சி. பையில் வைத்துவிடுங்கள்.

பெடல் முன்பு மாதிரி இல்லை. லேசாக இருக்கிறது, வேறு இடத்தில் பிடிக்கிறது. ஏதாவது தப்பா?

பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தப்பில்லை. தேய்ந்த கிளட்சில் பெடல் கனமாக இருக்கும், காலை நன்றாக மேலே எடுத்த பிறகுதான் வண்டி நகரும். அந்த மாற்றம் மெல்ல மெல்ல வந்ததால் நம் கால் அதற்கே பழகிப்போயிருக்கும். புதியது போட்டதும் பெடல் லேசாகிறது, பிடிக்கும் இடம் கீழே இறங்குகிறது. முதல் இரண்டு நாள் வண்டி ஆஃப் ஆவதும் குதிப்பதும் சகஜம். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முக்கியமாகச் சாலைக்கு ஏறும் இடத்தில்.

தப்பான கீழிறக்கமும் ஒன்று உண்டு. பெடல் தரையைத் தொடும் அளவு போன பிறகுதான் கிளட்ச் விடுபடுகிறது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசுகிறது, பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் சரியாகிவிடுகிறது என்றால் கிளட்ச் ஆயில் லைனில் காற்று நின்றுவிட்டது என்று அர்த்தம். கியர்பாக்ஸ் இறக்கும்போது லைனைக் கழற்றியிருப்பார்கள், மாட்டிய பிறகு காற்றைச் சரியாக எடுக்கவில்லை. பிளீடிங் செய்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால், போய்விடும், சின்ன வேலை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடாமல் தினமும் கியர் போட்டால் அடி வாங்குவது கியர்பாக்ஸ்.

பிளீடிங் செய்த பிறகும் சில நாளில் அதே நிலைக்குத் திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது கிளட்ச் என்றார்கள், ஆனால் கருகிய வாடை வருகிறது.

முதல் சில நாள் லேசான வாடை வருவது உண்டு. புதிய பிளேட்டின் முகமும் ஃப்ளைவீலின் முகமும் ஒன்றோடொன்று பதிய வேண்டும். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை, அதுவும் அடிக்கடி கிளட்ச் மிதிக்கும் டவுன் ஓட்டத்தில், அது பதியும். காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் ஒரே கியரில் போய்வந்த கிலோமீட்டரை இந்தக் கணக்கில் பெரிதாகச் சேர்க்க முடியாது. கிளட்ச் வேலை செய்தால்தானே பதியும்.

அந்த நாட்களில் வண்டி நிறைய ஆட்களோடு பேச்சிப்பாறை ஏறுவது, இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பது, செங்குத்தான வீட்டு வழியில் ரிவர்ஸிலேயே மேலே ஏற்றுவது, இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள். பதியாத பிளேட்டைச் சூடாக்கினால் அதன் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அதன் பிறகு பிடிமானம் பழையபடி வராது.

சமதரையில், ஆள் இல்லாத வண்டியில், ஒவ்வொரு முறை நகரும்போதும் வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

காலியான நேராகப் போகும் சாலையில், நான்காவது கியரில் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளி மேலே போய், இன்ஜின் உறுமி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. லேசான ஏற்றத்தில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதிகாலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்துச் செய்யுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரை மீட்டரை வீடியோ எடுக்கச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் வாதாடவே தேவை இருக்காது.

ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, ஆஃப் ஆகிறதா என்று பார்க்கும் பழைய முறையைப் புதிய பிளேட்டில் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைச் சூடாக்கிவிடும்.

"ஃபர்ஸ்ட் போட்டு எடுக்கும்போ வண்டி விறையல் எடுக்குது அண்ணே." இது ரீகால் வேலையால் வந்ததா?

நம் மாவட்டத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடுக்கம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். காலையில் முதல் தடவை எடுக்கும்போது மட்டும் வந்து, நாலைந்து முறை கிளட்ச் மிதித்ததும் போய்விட்டால் அது ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் காற்று வேறு. இரவில் ஃப்ளைவீலின் இரும்பு முகத்தில் மெல்லிய துரு படியும், காலையில் உரசி எடுத்ததும் போய்விடும். பழைய கிளட்சிலும் இது வந்திருக்கும், ரீகாலுக்குப் பிறகு நாம் உற்றுக் கவனிப்பதால் இப்போது தெரிகிறது.

வண்டி சூடான பிறகும், சமதரையிலும், ஒவ்வொரு தடவையும் நடுங்கினால் விஷயம் வேறு. எனக்குத் தெரிந்து நான்கு காரணங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஃப்ளைவீலின் முகத்தைச் சரிபார்க்காமலே புதிய பிளேட்டை மாட்டியிருக்கலாம். பழைய கிளட்ச் சூடாகியிருந்தால் ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கும், அந்த இடத்தில் பிடிமானம் மாறுபடும். மாட்டும்போது கிரீஸ் பட்ட கை பிளேட்டில் பட்டிருக்கலாம், அல்லது ஷாஃப்டில் தடவிய கிரீஸ் அதிகமாகிப் பிளேட்டுக்குத் தெறித்திருக்கலாம். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருக்கலாம். அல்லது கியர்பாக்ஸ் இறக்கும்போது கழற்றிய மவுண்டின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வண்டியோடு தாங்கிப் பிடிக்கும் பாகம்) போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். கடைசிக் காரணத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், எதையும் கழற்ற வேண்டாம்.

என் வண்டியில் வந்தது இந்த மவுண்ட் கோளாறுதான். வேலை செய்த இடத்தில் "ஓட ஓட சரியாயிடும் சார்" என்றார்கள். சமதரையில் அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டினேன். கியர் லீவரின் குமிழ் ஆடுவதை அவரே கைவைத்துப் பார்த்தார். திரும்பி வந்ததும் லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டில் ஒரு போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து முறுக்கினார்கள். நடுக்கம் அதோடு போனது. கோளாறு எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்துக்கே அவர்களைக் கூட்டிப்போங்கள். வாயால் எவ்வளவு விளக்கினாலும் அதற்கு ஈடாகாது.

சாஃப்ட்வேர் மட்டும் போட்டார்கள். இப்போது ஏற்றத்தில் வண்டி திடீரென்று இழுவை குறைகிறது.

சாஃப்ட்வேர் வகை ரீகாலுக்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவில் ஜீப் ராங்லர், கிளாடியேட்டர் மேனுவல் வண்டிகளுக்கு நடந்தது. பிரஷர் பிளேட் அளவுக்கு மீறிச் சூடாகி உடைந்து, சூடான துண்டுகள் வெளியே தெறித்துத் தீப்பிடிக்கலாம் என்பதுதான் குறை. 2020-லும் 2021-லும் ரீகால் வந்தது. கிளட்ச் சூடானால் இன்ஜினின் இழுவையைத் தானாகக் குறைக்கும் சாஃப்ட்வேர் போடப்பட்டது. 2023-ல் சுமார் 69,000 வண்டிகளுக்கு மறுபடியும் ரீகால் அறிவித்தார்கள். முன்பு வேலை முடித்த வண்டிகளும் அதில் அடங்கும். இந்தியாவில் விற்கும் ராங்லர் ஆட்டோமேட்டிக் என்பதால் அந்தக் குறை நம்மூர் வண்டிகளுக்கு இல்லை. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு.

இழுவை குறைவது அந்த சாஃப்ட்வேரின் வேலையாகவே இருக்கலாம். கிளட்சைக் காப்பாற்றத்தான் குறைக்கிறது. மீட்டரில் எச்சரிக்கை ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓரமாக, சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டுச் சற்று நேரம் ஆறவிடுங்கள். ஆனால் சாதாரணமாக ஓட்டும்போதே, வாடை எதுவும் இல்லாமல், அடிக்கடி இழுவை குறைந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மேம்பாலத்திலோ, முந்திப்போகும்போதோ திடீரென்று இழுவை போவது தனியாக ஓர் ஆபத்து. எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருமுறை ரீகால் முடித்த வண்டிக்கு இன்னொரு ரீகால் வரக்கூடும், அதனால் சேஸிஸ் நம்பரை அவ்வப்போது சோதித்துக்கொண்டே இருங்கள்.

என் வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆர்.சி.யில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அதைப் போட்டால் தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

செகண்ட் ஹேண்டில் கேரள வண்டி வாங்கினேன். ரீகால் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். ரீகால் சேஸிஸ் நம்பருக்கு உரியது. வண்டி யார் பெயரில் இருக்கிறது, கேஎல் நம்பரா, டிஎன் 74-ஆ, டிஎன் 75-ஆ என்பதெல்லாம் பொருட்டில்லை. சிக்கல் என்னவென்றால் தகவல் முதல் உரிமையாளரின் போனுக்கும் முகவரிக்கும் போயிருக்கும், உங்களுக்குத் தெரியவே வராது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வாங்கி இங்கே பெயர் மாற்றிய வண்டிகள் நம்மிடம் ஏராளம். வாங்கிய வாரமே கம்பெனியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் பதிந்துகொள்ளுங்கள்.

மகன் துபாயில். வண்டி போர்ச்சில் நிற்கிறது. ரீகால் வேலையை அவன் வரும்போது பார்த்துக்கொள்ளலாமா?

தள்ளிப்போட வேண்டாம். பெயருக்குரியவர்தான் வர வேண்டும் என்று இல்லை. ஆர்.சி. நகலும் அவருடைய ஒரு செய்தியும் இருந்தால் வீட்டில் யாரும் கொண்டுபோகலாம்.

வேலை முடித்துக் கொண்டுவந்து மறுபடி மாதக்கணக்கில் நிறுத்துவதில்தான் பிரச்சினை. நம் ஊர் ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு வந்தவர் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும், பெடலை முழுதாக மிதித்தாலும் கியர் விழாது. உடனே "ரீகாலில் கெடுத்துவிட்டார்கள்" என்று தோன்றும். வாரம் ஒருமுறையாவது யாராவது ஸ்டார்ட் செய்து, தெருவில் ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு அணைப்பதால் கிளட்சுக்குப் பயன் இல்லை. வண்டி நகர வேண்டும், கியர் மாற வேண்டும்.

ஒட்டிக்கொண்ட கிளட்சை விடுவிக்க, கியரில் வைத்தே ஸ்டார்ட் செய்து குலுக்குவது போன்ற வித்தைகளைச் சொந்தமாகச் செய்யாதீர்கள். போர்ச்சில் முன்னால் சுவர் இருக்கும், ஆள் இருப்பார்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வேலைக்குப் பிறகு வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கசிவு. இரவு வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். டிவி வந்த பெட்டியின் அட்டை கிடைத்தால் நல்லது. சுத்தமான தண்ணீர் ஏ.சி.யிலிருந்து வந்தது, விட்டுவிடலாம். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு எண்ணெய்த் திட்டு இருந்தால் கியர் ஆயில். முன்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸ் இறக்க டிரைவ் ஷாஃப்டை உருவுவார்கள், அந்த இடத்து சீல் கிழிந்தால் இப்படிச் சொட்டும். மெலிதாக, லேசான மஞ்சளாக, வழவழப்பாக இருந்தால் கிளட்ச் ஆயில். அது பெயின்டை அரிக்கும், கையில் பட்டால் கழுவிவிடுங்கள்.

அப்புறம் ஸ்டியரிங். சில வண்டிகளில் அடிச்சட்டத்தை இறக்கித்தான் கியர்பாக்ஸை எடுக்க முடியும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ வீல் அலைன்மென்ட் செய்து தரச் சொல்லுங்கள், அவர்கள் செலவில். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி எல்லா ஸ்க்ரூவோடும் மாட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. பேட்டரி கழற்றியதால் கடிகாரம், தானாக ஏறும் கண்ணாடி போன்றவை மறந்துபோயிருக்கும், அவை தானே சரியாகும் அல்லது கையேட்டில் வழி இருக்கும்.

சத்தம் கேட்கிறது. எதைச் சந்தேகிப்பது?

பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றோ ரீங்காரமாகவோ வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம். இன்ஜின் அணைக்கும்போது அடியில் கடகடவென்று அடித்தால், டீசல் வண்டியாக இருந்தால், டூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) பார்க்கச் சொல்லுங்கள். ரீகாலில் ரிலீஸ் பேரிங் புதிதாகப் போட்டிருந்து அதிலேயே சத்தம் வந்தால் விவாதமே வேண்டாம், மாற்றித்தர வேண்டும்.

ரீகால் இலவசம் என்றார்கள். கியர் ஆயிலுக்கும் பிளேட்டுக்கும் பில் போட்டார்கள். சரியா?

ரீகாலுக்குத் தேவையான பாகமும் கூலியும், அந்த வேலைக்காக இறக்கி நிரப்ப வேண்டிய ஆயிலும் கம்பெனியின் செலவு. இதில் பில் போட்டிருந்தால் ரீகால் கடிதத்தைக் காட்டித் திரும்பக் கேளுங்கள்.

பிளேட் கதை வேறு. ரீகால் பாகம் பிளேட் அல்லாத வேறொன்றாக இருந்து, உங்கள் பிளேட் ஓட்டத்தால் தேய்ந்திருந்தால் அதன் விலையை உங்களிடம் கேட்பது நியாயம்தான். ஆனால் கியர்பாக்ஸ் ஏற்கெனவே இறங்கிவிட்டது. அதனால் இறக்கி ஏற்றும் கூலியை உங்களிடம் மறுபடி வாங்கக் கூடாது. இதை வண்டி கொடுக்கும்போதே பேசுங்கள்: "திறந்ததும் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், தேய்ந்திருந்தால் பிளேட் விலையை மட்டும் நான் தருகிறேன்." பாதி ஆயுள் போன பிளேட்டை அப்படியே திருப்பி மாட்டிவிட்டு, ஒரு வருடம் கழித்து முழுக் கூலியும் கொடுத்துக் கியர்பாக்ஸை மறுபடி இறக்கியவர்களை எனக்குத் தெரியும். 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி என்றால் நான் பிளேட்டை மாற்றிவிடவே சொல்வேன்.

ரீகால் வருவதற்கு முன்பே இதே கோளாறுக்குச் சொந்தக் காசில் கிளட்ச் மாற்றினேன். திரும்பக் கிடைக்குமா?

கேட்டால்தான் கிடைக்கும். பில், பழைய ஜாப் கார்டு, ரீகால் அறிவிப்பு மூன்றையும் இணைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டீலரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், முடிவெடுக்கும் இடம் அது இல்லை.

ஓட்டும் விதத்தில் என்ன மாற்ற வேண்டும்?

மேற்கே விளவங்கோடு பக்கம் போகப் போகச் சமதரை குறைவு. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியே ஓர் ஏற்றம்தான். குலசேகரம், திற்பரப்பு பக்கம் சொல்லவே வேண்டாம். அந்த ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால் ஹாஃப் கிளட்சில் தொங்கிக்கொண்டு நிற்பது நம் பழக்கம். கிளட்சைத் தின்பது அதுதான். நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக். எடுக்கும்போது கிளட்ச் பிடித்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குவது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் முன்வண்டி கொஞ்சம் நகரட்டும் என்று விட்டு, பிறகு முழுதாகக் கிளட்சை விட்டு நகருங்கள். ஓடும்போது இடது காலைப் பெடலின் மேல் வைத்திருக்காதீர்கள்.

கடலோரத்தில் கிளட்ச் ஆயில் சீக்கிரம் கெடுமா?

காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அந்த ஆயிலின் இயல்பு. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கறுத்திருந்தால் அதற்கு முன்பே.

மூன்று தடவை போயும் சரியாகவில்லை. இனி எங்கே போவது?

ஒவ்வொரு தடவையும் புதிய ஜாப் கார்டு போடவைத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. "சும்மா பார்க்கிறோம் சார், கார்டு வேண்டாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்: "சூடான பிறகு, சமதரையில், முதல் கியரில் நடுக்கம்."

அடுத்தது கம்பெனிக்கு மின்னஞ்சல். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் 400 ரூபாய்தான். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2012-லிருந்து ரீகால் என்பது கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒழுங்காக மட்டும் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்த பிறகு, பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிட முடியும். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அரசே உத்தரவிட்டு நடக்கும் ரீகாலில் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் வண்டியின் கோளாறு நிறைய பேருக்கு வருகிறது என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் பதிய வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதும் அந்த விதியில் கணக்கு.

நம்ம ஊர் மெக்கானிக்கிடம் காட்டலாமா?

ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்ல, தாராளமாக. கோட்டாறிலும் வடசேரியிலும் காது வைத்தே பேரிங்கைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கழற்ற விடாதீர்கள். ஒரு போல்ட் கழன்றாலும் "வெளியில் கைவைத்துவிட்டார்கள்" என்று அவர்கள் கைகழுவ வழி கிடைத்துவிடும்.

நாகர்கோவிலில் இடம் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ செய்யலாமா?

அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் செய்யலாம். வாங்கிய ஷோரூமில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. போவதற்கு முன் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கான பாகம் கையில் இருக்கிறதா, கியர்பாக்ஸ் இறக்கும் ஆள் அன்று இருக்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். பாகம் வராமலே வண்டியை வாங்கி நிறுத்திவிட்டால் பஸ்ஸில் திரும்பி வர வேண்டியிருக்கும். கூடவே, வேலைக்குப் பிறகு கோளாறு வந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். நான் என்றால் இரண்டு வாரம் காத்திருந்தாவது பக்கத்து ஊரிலேயே செய்வேன். பெடலில் ஏற்கெனவே கோளாறு தெரிகிற வண்டி என்றால் காத்திருக்காமல், எங்கே முதலில் இடம் கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய்விடுங்கள். ஓட்டிப் போக முடியாத நிலை என்றால் கம்பெனியின் ரோடு சைடு உதவியைக் கூப்பிட்டு, ரீகால் வண்டி என்று சொல்லி, ஏற்றிப்போகும் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள்.